காளைக்கு வந்த இளைப்பு

பேயாண்டி செவலைக்காளையின் வயிற்றுக்குப் பின்னால் குனிந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் மூச்சுவிடப் பார்த்தார். முடியவில்லை. நெஞ்சுக்குள் யாரோ உட்கார்ந்து புல்லாங்குழல் பழகுவது போல, ‘கீ... கீ...’ என்று ஒரு சத்தம் கிளம்பித் தொழுவத்தைத் தாண்டி வாசலுக்குப் போனது.

வாசலில் நின்றவர் கண்ணுச்சாமி. ஊரில் யார் காதில் விழுந்தாலும் பரவாயில்லை, இவர் காதில் மட்டும் விழக்கூடாது.

“அது என்ன... சத்தம்?” என்றார் கண்ணுச்சாமி.

“எந்தச் சத்தம்ண்ணே?” என்றாள் பேயாண்டியின் மனைவி பாண்டியம்மாள்.

“தொழுவத்துக்குள்ள... யாரோ... விசில் அடிக்கிறாப்புல.”

கண்ணுச்சாமியின் பேச்சே இப்போது அப்படி ஆகிவிட்டது. இரண்டு வார்த்தை பேசுவார், நிறுத்துவார். மூன்றாவது வார்த்தைக்கு எதிராளி காத்துக்கிடக்க வேண்டும். பெரிய மனுசத்தனம் ஏற ஏறப் பேச்சு இறங்குகிறது என்று ஊரில் மெச்சிக்கொண்டார்கள்.

பாண்டியம்மாள் தொழுவத்துப் பக்கம் வரும் கொலுசுச் சத்தம் கேட்டது. இனிப் பதுங்கிப் பயனில்லை. பேயாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“வாங்க மச்சான். அது ஒண்ணுமில்ல. காளைக்கு இளைப்பு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே தெரிந்தது.

“காளைக்கா?” என்று கண்ணுச்சாமி கண்ணை விரித்தார்.

“ஆமா. வயசாகுதுல்ல.”

“நாலு பல்லுதானே போட்டிருக்கு?” என்றாள் பாண்டியம்மாள்.

“நீ சும்மா இரு. வயசு பல்லுல மட்டுமா இருக்கு?”

கண்ணுச்சாமி கேட்காமலே போய்த் துவைகல்லில் உட்கார்ந்துகொண்டார். வேலித் தகராறில் வருசக்கணக்காக இந்த வாசலை மிதிக்காத மனுசன், திருவிழா வெற்றிலை பாக்கு வைக்க வந்தோமா போனோமா என்றில்லாமல், வக்கீல் மாதிரி விசாரிக்க ஆரம்பித்தார்.

“விடியக்காலத்துல... ஜாஸ்தியோ?”

“ஆமா.”

“படுத்தா கூடுதா? நிமிந்து உக்காந்தா... கொறையுதா?”

“அப்படியேதான்” என்றுவிட்டார் பேயாண்டி. பிறகுதான் காளை நிமிர்ந்து உட்காராது என்பது நினைவுக்கு வந்தது.

“வைத்தியன் விருமாண்டியை அனுப்பிவைக்கிறேன். இதை... சும்மா விடப்படாது மச்சான்” என்று சொல்லிவிட்டுக் கண்ணுச்சாமி மெதுவாக எழுந்து போனார்.

சும்மா விடப்படாதாம்! பேயாண்டி பயந்துபோனார். காரணம் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஊரில் புரவியெடுப்பு. குயவர் தெருவில் செய்த மண் குதிரைகளை மூங்கிலில் கட்டித் தோளில் சுமந்து, கண்மாய்க்கரை ஏறி, சமணமலை தெரிகிற மேட்டில் இருக்கும் அய்யனார் கோயிலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். தலைப்புரவியின் முன்மூங்கில் பேயாண்டியின் வகையறாவுக்கு உரியது. வகையறாவின் மூத்த ஆண் தோள் கொடுத்தால்தான் குதிரை கிளம்பும். கிளம்பிய குதிரை கோயில் சேரும்வரை தரை தொடக்கூடாது. அவர் தாத்தா தூக்கினார், அப்பா தூக்கினார், இத்தனை வருசமாக இவர் தூக்குகிறார். கோயில் வாசலில் பரிவட்டம் கட்டி நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் மற்ற நாளெல்லாம் உயிரோடு இருப்பதாக அவருக்கு நினைப்பு.

மூத்தவருக்கு உடம்பு முடியாதென்று ஊருக்குத் தெரிந்தால், முன்மூங்கில் அடுத்த வகையறாவுக்குப் போய்விடும். போனது திரும்பாது. அடுத்த வகையறாவின் மூத்தவர் கண்ணுச்சாமி.

ஆகவே மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பேயாண்டி கோரிப்பாளையத்து வைத்தியர் ஹக்கீம் சாயபுவிடம் ரகசியமாகப் போய்வந்திருந்தார். நெஞ்சில் காதை வைத்துக் கேட்ட ஹக்கீம், இது வந்து போகிற சளி அல்ல, கூடவே குடியிருக்கிற இளைப்பு, இதை விரட்ட முடியாது, பழக்கி வைத்துக்கொள்ளலாம் என்றார். சுருட்டு கூடாது. தூசி, புகை கூடாது. மருந்தைத் தவறவிடக் கூடாது. உதட்டைக் குவித்து மூச்சுவிடப் பழக வேண்டும்.

எல்லாம் சரி, உதட்டைக் குவித்துக்கொண்டு ஓர் அறுபது வயசு ஆள் எங்கே உட்கார்வது? பாண்டியம்மாள் பார்த்தால் போதும், பொழுது சாய்வதற்குள் கிணற்றடி முழுக்கத் தெரிந்துவிடும். இருமல் கேட்டுவிடும் என்று களத்து மேட்டில்தான் படுக்கையே போட்டிருந்தார். யாரும் பார்க்காத இடம் தொழுவம் ஒன்றுதான். ஆகவே தூசி ஆகாத மனுசர் தினமும் வைக்கோல் தூசிக்கு நடுவே ஒளிந்து மூச்சுப் பழகினார். இளைப்பு ஏன் குறையவில்லை என்று அவருக்கு விளங்கவேயில்லை.

மறுநாளே மாட்டு வைத்தியர் விருமாண்டி வந்துவிட்டார். பின்னாலேயே கண்ணுச்சாமியும்.

விருமாண்டி காளையின் விலாவில் காதை வைத்தார். “கோயில் மணி கணக்கா இருக்குண்ணே நெஞ்சு. ஒரு சத்தமும் இல்லையே?”

காளையின் அந்தப் பக்கம் நின்ற பேயாண்டி வேறு வழியில்லாமல் அடக்கி வைத்திருந்ததை விட்டார். ‘கீ...’

“இப்பக் கேளு.”

“கேக்குது. ஆனா அந்தப் பக்கமிருந்துல்ல வருது?”

“காளை பெரிசுல்ல. சுத்தித்தான் வரும்.”

விருமாண்டி காளையை ஒரு தரமும் பேயாண்டியை ஒரு தரமும் பார்த்துவிட்டு, “அப்பப் புகை போட்டுரலாம்” என்றார். “நொச்சி, வேப்பிலை, சாம்பிராணி. வாசல்ல படுதாவைக் கட்டிட்டு உள்ளுக்குள்ள மூட்டம் போடணும். கயித்தைப் பிடிச்சுக்கிட்டு சொந்தக்காரரும் உள்ள நிக்கணும். இல்லேன்னா மாடு மிரளும்.”

“நான் வெளியவே நிக்கிறேனே?”

“மச்சான், காளை... உங்க காளைதானே?” என்றார் கண்ணுச்சாமி.

அந்தக் கேள்வியில் இருந்த கூர்மை பேயாண்டியை உள்ளே தள்ளிவிட்டது. சொன்ன மனுசனோ, முதல் புகை எழும்பியதுமே துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருமுனைக்கே போய்விட்டார். புகையில் நிற்கக்கூட மனசில்லாதவனுக்குக் காளைமேல் கரிசனமாம்!

படுதாவுக்குள் பேயாண்டி ஒரு நிமிசம் மூச்சை அடக்கிப் பார்த்தார். அப்புறம் இருமல் வெடித்தது. பேயாண்டி இருமிய இருமலில் கூரை ஓலையே உதிர்ந்தது. பிறந்ததிலிருந்து அப்படியொரு சத்தத்தைக் கேட்டிராத செவலைக்காளை, கயிற்றை அறுத்துக்கொண்டு, படுதாவைக் கொம்பில் மாட்டிப் பரிவட்டம் கட்டியது போலத் தெருவில் பாய்ந்தது.

“பிடிங்கய்யா!” என்று கத்தினாள் பாண்டியம்மாள்.

“ஓடாதீக! யாரும்... ஓடாதீக!” என்று தெருமுனையில் கண்ணுச்சாமி கைகளை விரித்து நின்றார். காளை அவரைச் சுற்றிக்கொண்டு நேரே குயவர் தெருவுக்குள் போனது. அங்கே வெயிலில் காய்ந்துகொண்டிருந்த தலைப்புரவியின் மூக்கோடு மூக்கு வைத்து மோந்து பார்த்துவிட்டு, பொம்மை என்று தெரிந்ததும் சாவகாசமாக அதன் நிழலில் படுத்துக்கொண்டது.

“இளைப்பு வந்த காளையா இந்த ஓட்டம் ஓடுது?” என்று தெருவில் யாரோ கேட்டார்கள்.

“ஓடுச்சுன்னா புகை வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம்” என்றார் விருமாண்டி, தம் வைத்தியத்தை விட்டுக்கொடுக்காமல்.

பேயாண்டி தொழுவத்து வாசலில் உட்கார்ந்து மூச்சைத் தேடிக்கொண்டிருந்தார். படுதா பிய்ந்தபோது கூரை இடுக்கில் செருகியிருந்த ஒரு சீசா வைக்கோலில் விழுந்திருந்தது. பாண்டியம்மாள் அதை எடுத்துத் திறந்து மோந்தாள். ஆடாதோடையும் திப்பிலியும் தேனும் கமகமத்தன.

“என்னங்க சீசா இது?”

பேயாண்டியால் பேச முடியவில்லை. கையை மட்டும் காளை போன திக்கில் காட்டினார்.

“காளைக்கா? இம்புட்டு நாளா மருந்தை இங்கன ஒளிச்சு வச்சுக்கிட்டா வாயில்லா சீவனை இளைக்க விட்டீக? நல்ல மனுசன்யா நீங்க!”

காளையைப் பிடித்துவந்து மூங்கில் குழாயை அதன் வாயில் கொடுத்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அவள் ஊற்றுவதைப் பேயாண்டி கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தார். காளை நாக்கைச் சுழற்றி மூக்குவரை நக்கிக்கொண்டது.

மருந்தில்லாமல் வெள்ளிக்கிழமையைத் தாண்ட முடியாது. “காளை மருந்து வாங்கிட்டு வாரேன்” என்று மறுநாள் காலையில் கிளம்பினார். தெருவைத் தாண்டுவதற்குள் ஒரு வாடகை மாட்டுவண்டி பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே கண்ணுச்சாமி.

“ஏறுங்க மச்சான். எனக்கும்... டவுனுல சோலி.”

“நான் பஸ்ஸுல போயிக்கிருவேன்.”

“கரி பஸ்ஸா? வேணாம்... வேணாம்!” என்று கண்ணுச்சாமி பதறினார். யுத்தத்தால் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்து, பஸ்களெல்லாம் முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு புகை கக்கி ஓடிய காலம். பேயாண்டிக்கும் அந்தப் புகையை நினைத்தாலே நெஞ்சு அடைத்தது. ஏறிவிட்டார். சொந்த மாட்டுக்கு அலுப்புக் கொடுக்காமல் வாடகை வண்டி பிடிக்கிற கஞ்சத்தனத்தை மட்டும் மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

வைகைப் பாலம் தாண்டிக் கோரிப்பாளையத்தில் இறங்கியதும், “உங்க சோலி எங்கிட்டு மச்சான்?” என்று கழற்றிவிடப் பார்த்தார்.

“அது கிடக்கு. முதல்ல... காளை.”

ஹக்கீம் சாயபு வெள்ளைத் தாடியும் சிரித்த முகமுமாக எழுந்தார். “வாங்கய்யா பேயாண்டி, வாங்க! மூச்சு எப்படி...”

“காளைக்கு!” என்று பேயாண்டி குறுக்கே விழுந்தார். “என் காளைக்கு மூச்சு எப்படி இருக்குன்னு கேக்குறீக. அதுக்குத்தான் மறுபடி மருந்து வேணும்.” சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார். பதற்றத்தில் இரண்டு கண்ணும் சேர்ந்து சிமிட்டின.

ஹக்கீம் அவரைப் பார்த்தார். கூட வந்தவரைப் பார்த்தார். கூட வந்தவரைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். தாடியைத் தடவிக்கொண்டார்.

“ஓகோ, காளை. சரி. காளை சுருட்டை விட்டுருச்சா?”

“விட்டுருச்சு.”

“சுத்தமாவா?”

“பொங்கலன்னைக்கு மட்டும்... ஒண்ணு.”

“தோபா, தோபா! அந்த ஒண்ணும் கூடாதுன்னு காளைகிட்டச் சொல்லுங்க.”

கண்ணுச்சாமி சிரிக்கவில்லை. அதுதான் பேயாண்டிக்குப் பயமாக இருந்தது. சிரிக்காமல் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, “சுருட்டு மட்டுமா? பீடியும்... ஆகாதா?” என்று கேட்டார்.

“காளை எதையுமே பத்தவைக்கக் கூடாது ஜனாப்.”

“மேடு ஏறுறப்ப... காளை என்ன செய்யணும்?”

“மூச்சு வாங்குனதுக்கப்புறம் நிக்கிறது அவசரக் காளை. வாங்குறதுக்கு முன்னாடியே நின்னு, இளைப்பாறி, அப்புறம் ஏறுறது விவரமான காளை. நிக்கிறதுல வெக்கம் கிடையாது.”

“படுக்குறப்ப... தலைக்கு உசரம் வைக்கணுமா?”

“ரெண்டு தலையணை வைக்கலாம்.”

“காளைக்கு” என்று சேர்த்துக்கொண்டார் பேயாண்டி, அழாக்குறையாக.

“காளைக்குத்தான். இப்ப மூச்சுப் பழக்கம் பாருங்க. மூக்கால மெல்ல இழுத்து, சூடான கஞ்சியை ஊதுற மாதிரி உதட்டைக் குவிச்சு... பூ... இழுத்ததைவிட விடுறது மெதுவா இருக்கணும். மூச்சு முட்டும்போதெல்லாம் காளை இதைச் செய்யணும். நடந்துக்கிட்டே செய்யலாம்.”

ஹக்கீம் ஊதினார். பழக்கதோசத்தில் பேயாண்டியும் ஊதினார். திரும்பிப் பார்த்தால் கண்ணுச்சாமியும் கண்ணை மூடிக்கொண்டு, கன்னம் உப்ப, வெகு சிரத்தையாக ஊதிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற ஜட்காக்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் தன் குதிரையைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்.

கேலி பண்ணுகிறான் என்று நினைத்தார் பேயாண்டி. எல்லாம் தெரிந்துகொண்டுதான் மூஞ்சிக்கு நேரே ஊதிக் காட்டுகிறான்.

திரும்பும்போது பாலத்து நடுவில் கண்ணுச்சாமி வாயைத் திறந்தார். “மச்சான்... வெள்ளிக்கிழமைக்குள்ள... காளையைத் தேத்திருவீகள்ல?”

“வெள்ளிக்கிழமைக்கும் காளைக்கும் என்ன சம்பந்தம்?”

“இல்ல. தேறுனா... எல்லாருக்கும் நல்லது.”

மிரட்டல்! முன்மூங்கிலைப் பிடுங்குவதற்கு நாள் குறித்துவிட்டான்! அன்றிலிருந்து பேயாண்டி தொழுவத்தை விட்டுக் கண்மாய்க்கரை வேப்பமரத்தடிக்கு மாறினார். தூசியில்லாத இடத்தில் மூச்சுப் பழகினார். மருந்தை வேளை தவறாமல் குடித்தார். இளைப்பும் அவர் சொன்ன பேச்சைக் கொஞ்சம் கேட்க ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை பொழுது சாயத் தொடங்கியதும் கொட்டு முழங்கியது. குலவை எழும்பியது. வெள்ளையடித்துக் கண் திறந்த தலைப்புரவி மூங்கிலில் ஏறி நின்றது. பேயாண்டி முன்மூங்கிலுக்குத் தோள் கொடுத்தார். பக்கத்து மூங்கிலில் மொட்டைத்தலை காசிமாயன். முன்னால் சூடத்தட்டு ஏந்தி நடப்பவர் கண்ணுச்சாமி, அது அவர் வகையறாவின் பங்கு. அந்தச் சூடம் எரிகிறவரைதான் புரவி நடக்கலாம். அணைந்தால் மூங்கிலுக்குக் கீழே கவைக்கம்பை முட்டுக்கொடுத்து நிறுத்தி, மறுபடி ஏற்றிய பிறகே நகர வேண்டும் என்பது அந்த ஊர் முறை.

தெரு தாண்டும்வரை கவலையில்லை. களத்து மேடு தாண்டியதும் புழுதி கிளம்பியது. கண்மாய்க்கரை ஏற்றம் எதிரே எழுந்து நின்றது. பேயாண்டியின் நெஞ்சுக்குள் புல்லாங்குழல்காரன் எழுந்து உட்கார்ந்தான். ‘கீ...’ கொட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் கால் பின்னியது. மூச்சு வாங்குவதற்கு முன்பே நிற்க வேண்டும். எப்படி நிற்பது? தோளில் குதிரை, பின்னால் ஊர்! இன்னும் நாலு எட்டில் வேறொருவரைத் தோள் கொடுக்கச் சொல்லிவிடுவோம், தாத்தா பேரும் அப்பா பேரும் இந்தப் புழுதியோடு போய்விடும் என்று கண் இருட்டியபோது...

“சூடம்... அணைஞ்சு போச்சு! நில்லுங்க!” என்றார் கண்ணுச்சாமி.

கவைக்கம்புகள் ஏறின. தோள் லேசாயிற்று. பேயாண்டி மூங்கிலில் கையை ஊன்றிக் குனிந்து ஊதினார். பூ... பூ... உயிர் திரும்பியது.

மறுபடி கிளம்பினார்கள். ஏற்றத்தில் பாதி. மறுபடி நெஞ்சடைப்பு. மறுபடி, “சூடம் அணைஞ்சு போச்சு!”

“என்ன எழவுச் சூடம்ய்யா இது!” என்று காசிமாயன் எரிந்து விழுந்தார். “காத்தே இல்லை, ஒரு இலை அசையலை. கடைக்காரன் மெழுகைக் கலந்துட்டானா?”

கரைமேல் கடைசி மேட்டில்தான் பேயாண்டி அதைப் பார்த்தார். பக்கவாட்டில் தெரிந்த கண்ணுச்சாமியின் கன்னம் உப்பியது. உதடு குவிந்தது. ‘பூ...’ என்று நீளமாக ஒரு காற்று புறப்பட்டது. நெஞ்சுக்கு நேரே இருந்த தட்டில் சூடம் பட்டென்று அணைந்தது.

சாமி சூடத்தை வாயால் ஊதுவதா! ஊர் பார்த்தால் மன்னிக்காது. அப்படியொரு பாவத்தை இந்த மனுசன் தலையில் ஏற்றிக்கொள்கிறான் என்றால் யாருக்காக? எல்லாம் தெரிந்தும், காட்டிக்கொடுக்காமல், எதிராளி நின்று மூச்சுவிட வேண்டும் என்று... பேயாண்டிக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. புழுதி என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

புரவி தரை தொடாமல் கோயில் சேர்ந்தது. பூசாரி பரிவட்டம் கட்டினார். குலவைச் சத்தம் சமணமலையில் மோதித் திரும்பியது.

“வந்து சேந்துட்டோம்... மச்சான்” என்று கண்ணுச்சாமி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வேலியை நாளைக்கே பிடுங்கிப் போட்டுர்றேன் மச்சான்!” என்றார் பேயாண்டி. இருவரும் கட்டிக்கொண்டார்கள். பரிவட்டத்தில் பாதி கண்ணுச்சாமியின் முகத்தை மூடியது.

மறுநாள் காலையில் வேலி முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோதே கண்ணுச்சாமி வந்து துவைகல்லில் உட்கார்ந்தார். துண்டின் முனையைத் திருகினார்.

“மச்சான்... அந்தக் காளை மருந்துல... ஒரு சீசா கிடைக்குமா? எங்க வீட்டுப் பசுவுக்கும்... இதே இளைப்பு.”

“ஒண்ணென்ன, மிச்சம் இருக்குறது அம்புட்டையும் கொண்டு போங்க!” என்று பேயாண்டி உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தார். கண்ணுச்சாமி சீசாவை வேட்டி மடிப்பில் பத்திரமாகச் செருகிக்கொண்டு மெல்ல நடந்தார். வேப்பமரத்தடியில் நின்றார். மறுபடி நடந்தார்.

காளையைப் பார்க்க வந்திருந்த விருமாண்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன மனுசன்யா!” என்றார் பேயாண்டி நெகிழ்ந்துபோய். “பாவம், அவுக பசுவுக்கும் இளைப்பாம். ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வா விருமாண்டி.”

விருமாண்டி காளையின் கயிற்றைக் கீழே போட்டார்.

“எந்தப் பசுவைண்ணே போயிப் பாக்க? தொழுவத்துத் தூசி நெஞ்சுக்குச் சேரலைன்னு, போன தையிலயே கடைசி மாட்டையும் என்னை வச்சுத்தானே வித்தாரு!”